முகச் சிவப்பும் டெர்மஸ்கோப்பும்: இம்முறை வந்த கடிதங்கள்

டெர்மஸ்கோப்பில் பார்த்தால் எந்த வகை ரோசேசியா என்று தெரியுமா? (ஆசிரியை, பண்டாரவளை)

பெரும்பாலும் தெரியும். ரோசேசியா என்பது முகம் நீண்ட நாள் சிவந்திருக்கும் தோல் நோய்; டெர்மஸ்கோப் தோலைப் பெருக்கிக் காட்டும் கை லென்ஸ். பத்து மடங்கு பெருக்கம் போதும். சிவப்பு மட்டும் உள்ள வகையில் மெல்லிய இரத்தக் குழாய்கள் பின்னிப் பலகோண வலையாகத் தெரியும். பரு வகையில் அந்த வலையோடு மயிர்க்கால் வாயில் சீழும் அடைப்பும் செதிலும் சேரும். மூக்கு தடித்த வகையில் மயிர்க்கால் வாய்கள் அகன்றிருக்கும். கட்டிக் கட்டியாக வரும் கிரனுலோமா வகையில் செம்மஞ்சள் திட்டு. அந்த நிறத்தைக் கண்டால் நான் அவசரப்படுவதில்லை. தோல் காசநோய், சார்கொய்டோசிஸ் (உடலில் அழற்சிக் கட்டிகள் வரும் நோய்), லெய்ஷ்மேனியா (மணல் ஈ பரப்பும் நோய்) எல்லாமே அப்படித்தான் காட்டும். பயொப்சி செய்து, அதாவது தோலில் சிறு துண்டெடுத்துப் பரிசோதித்துத்தான் பேச வேண்டும். இன்னொன்று, ஒரே முகத்தில் இரண்டு வகை அம்சங்களும் இருக்கலாம். 2017இல் நிபுணர்கள் வகைப்படுத்தும் முறையை மாற்றிய பிறகு வகைப் பெயரை விட, கண்ணெதிரே உள்ள அம்சங்களுக்கே மருந்து எழுதுகிறோம்.

போனில் எடுத்த படம் அனுப்பியிருக்கிறேன். என்ன வகை? (பெயரில்லை, ஊரில்லை)

படம் மங்கல். முகத்தில் பவுடர். வயதும் இல்லை, எத்தனை மாதமாக என்பதும் இல்லை. ஆகவே பதிலும் இல்லை.

லென்ஸை வைத்தால் குழாய்களே தெரிவதில்லை. (மருத்துவ மாணவர், பேராதனை)

அழுத்துகிறீர்கள், தம்பி. அழுத்தினால் குழாயில் இரத்தம் நிற்காது. தோலைத் தொடாமல் போலரைஸ்ட் ஒளியில் (தோலின் மினுக்கத்தை நீக்கும் ஒளி) பாருங்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால் ஸ்கேன் ஜெல்லைத் தாராளமாக வைத்து, பாரம் கொடுக்காமல் பாருங்கள்.

எனக்குக் கருத்த தோல். சிவப்புத் தெரியவில்லை, ஆனால் எரிகிறது. (கொழுந்து பறிப்பவர், தலவாக்கலை)

நம் நிறத்தில் சிவப்பு ஒளிந்துகொள்ளும். அதனால்தான் பலருக்கு நோய் பிந்திப் பிடிபடுகிறது. லென்ஸில் குழாய் வலை தெரியலாம், காட்டுங்கள். மலையில் குளிராக இருக்கிறதென்று வெயிலை நம்பாதீர்கள், அக்கா. மேலே போகப் போக புற ஊதாக்கதிர் கூடும். அகலத் தொப்பி போடுங்கள்.

வெள்ளையாக்கும் கிறீம் ஒன்றரை வருடம் பூசினேன். விட்டால் முகம் நெருப்பாகிறது. ரோசேசியாவா? (ஹட்டன்)

இதைப் பற்றி எத்தனை தரம் எழுதினாலும் கடிதம் வந்துகொண்டேதான் இருக்கிறது. லேபல் இல்லாத டப்பா, உள்ளே என்ன என்று விற்றவருக்கே தெரியாது. பெரும்பாலும் பீட்டாமெத்தசோனோ குளோபெட்டசோலோ என்ற ஸ்டீரொய்டு மருந்து இருக்கும். சிலதில் பாதரசமும் இருக்கும். முதல் மாதம் முகம் பளபளக்கும், பக்கத்து லயத்து அக்காவும் அதையே கேட்டு வாங்குவார். பிறகு தோல் மெலிந்து குழாய்கள் விரியும். லென்ஸில் அவை தடித்து நீண்டு, ஒழுங்கான வலையாக இல்லாமல் தெரியும். கன்னத்தில் பூனைமயிர் கூடியிருக்கும். மயிர்க்கால் வாயில் வெண்ணிற நூல் போல நீட்டிக்கொண்டிருந்தால் அது மயிர்க்காலில் வாழும் டெமொடெக்ஸ் என்ற நுண்பூச்சி. ஸ்டீரொய்டு பூசிய முகத்தில் அது நன்றாகப் பெருகும்.

பூசிக்கொண்டே வந்து வகை கேட்பவர்களுக்கு என்னால் வகை சொல்ல முடியாது. கிறீம் நோயின் அடையாளங்களை மறைத்துவிடும். ஆகவே டப்பாவோடு தோல் கிளினிக்குக்கு வாருங்கள், டப்பாவை எறிந்துவிடாதீர்கள். நிறுத்தியபின் சில வாரங்கள் சிவப்பும் எரிவும் கூடும். அதற்குப் பயந்து திரும்பப் பூசுவதுதான் எல்லாரும் விழும் குழி. டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் தரலாம்; ஆனால் கர்ப்பிணியா என்று முதலில் சொல்ல வேண்டும். கடிதத்தில் அது இல்லை. மறுபடி சொல்கிறேன்: லேபல் இல்லாததை முகத்தில் பூசாதீர்கள்.

பிளேன்ரீ குடிக்கலாமா? (நுவரெலியா)

ஆறவைத்துக் குடியுங்கள். முகத்தைச் சிவக்க வைப்பது பெரும்பாலும் சூடுதான்.

கன்னச் சிவப்போடு கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது. லென்ஸில் பார்க்கலாமா? (பதுளை)

கண்ணுக்கு அது உதவாது. ரோசேசியா கண்ணையும் பிடிக்கும், கருவிழி வரை போகும். வெளிச்சம் கூசுகிறதா, பார்வை மங்குகிறதா என்று எழுதவில்லை. இருந்தால் நாளைக்கே கண் டொக்டரிடம் போங்கள், இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள்.