கடைசிப் பல் மட்டும் ஏன் முளைப்பதில்லை?

வணக்கம். என் மகனுக்கு எக்ஸ்ரே எடுத்ததில் கீழ்த்தாடையில் ஞானப்பல் இரண்டுமே உருவாகவில்லை என்று தெரிந்தது. "மென்மையான சாப்பாடு, பயன் இல்லை, பரிணாமம் எடுத்துவிட்டது" என்றார் பல் மருத்துவர். பயன்படாதது தானாக மறைந்துவிடுமா? அப்படியென்றால் ஏன் பெரும்பாலும் கடைசிப் பல்லே மறைகிறது?

செல்வி

அன்புள்ள செல்வி,

ஒரு உறுப்பு பயன்படாமல் போனால் அதன் மீது இயற்கைத் தேர்வின் பிடி தளரும், அவ்வளவுதான். எந்தப் பல் முதலில் போகும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் பல் உருவாகும் விதத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு பக்கமும் உள்ள மூன்று கடைவாய்ப் பற்களும் (கடைசியானதுதான் ஞானப்பல்) முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றாகத் தொடங்குகின்றன. முதலில் வளரும் பல்லிலிருந்து கசியும் மூலக்கூறுகள் பின்னால் வரவேண்டியதைத் தடுக்கின்றன. சுற்றியுள்ள திசு அதை வளரத் தூண்டுகிறது. பின்னிரண்டு பற்களின் அளவு இந்த இழுபறியில் முடிவாகிறது. ஹெல்சின்கியில் யுக்கா யெர்ன்வாலின் குழு எலிக்கருவின் பல் மொட்டுகளை ஆய்வகத்தில் வளர்த்தது. முதல் பல்லிலிருந்து பின்பகுதியை அறுத்துப் பிரித்தால் இரண்டாவது சீக்கிரம் தொடங்கியது, பின்பற்கள் பெரிதாக வளர்ந்தன. தடை நீங்கிவிட்டதல்லவா!

2007இல் வெளியான இந்த ஆய்விலிருந்து ஒரு கணக்கு கிடைத்தது. மூன்று பற்களின் மொத்தப் பரப்பில் நடுப்பல்லுக்கு எப்போதும் மூன்றில் ஒரு பங்கு. மொத்தம் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பல் 30. முதல் பல் 40 என்றால் கடைசிக்கு 20. முதல் பல் 60 ஆகிவிட்டால் கடைசிக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் வாழும், மீனும் நண்டும் தின்னும் நீர் எலிக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு கடைவாய்ப் பற்கள்தான். மூன்றாவது இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, எலிக்கருவில் பார்த்ததை வைத்து வேறு எலி இனங்களின் பல் அளவுகளை முன்கூட்டியே ஊகிக்க முடிந்ததுதான்.

அப்புறம் மனித வம்சம். மனிதருக்கு நெருங்கிய பழங்கால உறவினரான ஆஸ்ட்ரலோபிதெகஸ் வகையினருக்குப் பின்பற்கள் பெரிதாகிக்கொண்டே போகும். நாம் சேர்ந்த ஹோமோ வகையில் பல்வரிசையே சிறிதாகி, பின்னால் போகப் போகச் சுருங்குகிறது. இந்த மாற்றமும் அதே தடுப்பு விதியோடு பொருந்துகிறது என்று 2016இல் காட்டினார்கள். ஆக, உணவும் தேர்வும் பற்களைச் சுருக்கலாம். ஆனால் அந்தச் சுருக்கத்தை அதிகம் தாங்குவது வரிசையின் கடைசியில் இருப்பது.

உங்கள் மகனுக்கு நடந்ததும் இதுதான் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கணக்குப்படி கடைசிப் பல் மறைய, இரண்டாவது முதலாவதில் பாதியாக இருக்க வேண்டும்; நம் இரண்டாவது கடைவாய்ப் பல் அப்படியெல்லாம் சுருங்கிவிடவில்லை. பாக்ஸ்9 போன்ற மரபணுக்களில் மாறுதல் இருந்தாலும் கடைவாய்ப் பற்கள் உருவாகாமல் போவதுண்டு. கரடியும் இந்தக் கணக்குக்கு அடங்கவில்லை: அதன் கீழ்த்தாடையில் நடுப்பல்தான் மூன்றிலும் பெரிது.