ஹியரா, லிசனா? வினைச்சொல் சந்தேகங்களுக்குப் பதில்கள்

ஆன்லைன் மீட்டிங்கில் ‘கேன் யூ லிசன் மீ?’ என்று கேட்டேன். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். என்ன தப்பு? – ஐடி ஊழியர், கோவை

சிரித்தவர்கள் செய்ததுதான் தப்பு. உங்களுக்கு வந்த குழப்பம் தமிழ் பேசும் எவருக்கும் வரும். நம்முடைய ‘கேள்’ மூன்று வேலை பார்க்கிறது: வழி கேட்கிறோம், சத்தம் கேட்கிறது, பாட்டு கேட்கிறோம். இதற்கு ஆங்கிலத்தில் ஆஸ்க், ஹியர், லிசன் என்று தனித்தனிச் சொற்கள். தானாகக் காதில் விழுந்தால் ஹியர். நாமாகக் காது கொடுத்தால் லிசன். மைக் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் ‘கேன் யூ ஹியர் மீ?’ போதும். அதற்கு ‘ஐ ஆம் ஹியரிங் யூ’ என்று பதில் வருவதும் சகஜமாகிவிட்டது. ‘ஐ கேன் ஹியர் யூ’ என்பதே சரி. லிசனுக்குப் பின்னால் ஆளோ பாட்டோ வந்தால் நடுவில் ‘டு’ கட்டாயம்: ‘லிசன் டு மீ’.

‘ஐ ஹியர்ட் ஹிம், பட் ஐ டிட்ன்ட் லிசன்’ என்ற வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவர் சொன்னது காதில் விழுந்தது, நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வித்தியாசம் நம்மிடமும் இருக்கிறது!

லை, லே இரண்டையும் எத்தனை முறை படித்தாலும் தேர்வு ஹாலில் மறந்துவிடுகிறது. – போட்டித் தேர்வு எழுதுபவர், திண்டுக்கல்

பட்டியலை மனப்பாடம் செய்வதை விடுங்கள். பள்ளியில் படித்த தன்வினை, பிறவினையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். எழு–எழுப்பு, விழு–வீழ்த்து, கிட–கிடத்து. ஆங்கிலத்தில் இதே ஜோடிகள் ரைஸ்–ரெய்ஸ், ஃபால்–ஃபெல், லை–லே. மரத்தை வெட்டிச் சாய்ப்பதுதான் இந்த ஃபெல். ஆங்கிலத்தின் மூதாதை மொழியில் பிறவினைக்கென ஒரு விகுதி இருந்தது. அது தேய்ந்து மறைந்துவிட, உயிரொலி மாற்றம் மட்டும் அடையாளமாக நிற்கிறது.

‘எதை?’ என்று கேளுங்கள். பதில் வந்தால் ரெய்ஸ், லே. வராவிட்டால் ரைஸ், லை. சூரியன் ரைஸ் ஆகிறது. கையை நாம் ரெய்ஸ் செய்கிறோம். கோழி முட்டை இடுவதும் லே. ‘த ஹென் இஸ் லேயிங்’ என்றால் முட்டையிடுகிறது, ‘லையிங்’ என்றால் படுத்திருக்கிறது.

உண்மையான சிக்கல் இறந்தகாலத்தில்தான். படுப்பதைக் குறிக்கும் லையின் இறந்தகாலமே ‘லே’! வகுப்பில் நான் எப்போதும் மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிவைப்பேன். ‘ஐ லே டவுன் யெஸ்டர்டே’: நேற்றுப் படுத்தேன். ‘ஐ லெய்ட் த பேபி டவுன்’: குழந்தையைக் கிடத்தினேன். ‘ஐ லைட்’: பொய் சொன்னேன் (பொய் சொல்வதற்கும் ‘லை’ என்றே பெயர், அது வேறு சொல்). ‘ஹேவ்’ சேர்ந்தால் முதலாவது மட்டும் ‘லெய்ன்’ ஆகும், மற்ற இரண்டும் மாறாது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே இந்த இடத்தில் வழுக்குகிறார்கள், அதனால் மனம் தளராதீர்கள்.

‘உங்கள் வீட்டுக்கு நாளை வருகிறேன்’ என்பதற்கு கோவா, கம்மா? – இல்லத்தரசி, தஞ்சாவூர்

கம். இந்தக் கணக்கைத் தொல்காப்பியம் எப்போதோ போட்டு வைத்திருக்கிறது. வா, தா இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும்; செல், கொடு இரண்டும் படர்க்கைக்கு என்கிறது சொல்லதிகாரம். பேசுபவரோ கேட்பவரோ இருக்கும் இடம் நோக்கி என்றால் கம், பிரிங். வேறு இடம் என்றால் கோ, டேக். உங்கள் வீட்டுக்கு இனிப்பு கொண்டுவந்தால் ‘ஐ வில் பிரிங் ஸ்வீட்ஸ்’. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் ‘ஐ வில் டேக் மை மதர் டு த ஹாஸ்பிடல்’.

ஒன்று மட்டும் ஒத்துவராது. ‘போயிட்டு வர்றேன்’ என்பதை ‘ஐ வில் கோ அண்ட் கம்’ ஆக்காதீர்கள். ‘ஸீ யூ’ போதும். நம் சொல்லில் இருக்கும் மங்கலம் ஆங்கிலத்தில் ஏறாது.

‘ஹி டோல்ட் தட்…’ சரியா? – கல்லூரி மாணவி, நெல்லை

இல்லை. டெல்லுக்குப் பின்னால் யாரிடம் என்பது உடனே வர வேண்டும்: ‘ஹி டோல்ட் மீ தட்’. ஆள் இல்லையென்றால் ‘ஹி செட் தட்’. பொய், உண்மை, கதை மூன்றும் ஆள் இல்லாமலே டெல்லோடு சேரும்.

‘போரோ மீ யுவர் பென்’ என்கிறான் மகன். – ஒரு தந்தை, சேலம்

‘லெண்ட் மீ’ என்று திருத்துங்கள். கடன் வாங்குபவர் போரோ செய்கிறார், கொடுப்பவர் லெண்ட் செய்கிறார்.

‘ரிமெம்பர் மீ டுமாரோ’ என்று மெசேஜ் அனுப்பினேன். சரிதானே? – கடை உரிமையாளர், ஈரோடு

நாளைக்கு ஞாபகப்படுத்தச் சொன்னீர்கள் என்றால் ‘ரிமைண்ட் மீ டுமாரோ’. ரிமெம்பர் என்பது தானே நினைவில் வைத்திருப்பது, ரிமைண்ட் அடுத்தவருக்கு நினைவூட்டுவது. ஆனால் ‘ரிமெம்பர் மீ டு யுவர் மதர்’ என்று கொஞ்சம் பழைய பாணியில் யாராவது எழுதினால் திருத்திவிடாதீர்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று அர்த்தம்.