கதிரியக்கத் துறைக்குப் போகலாமா? – வாசகர் கடிதம்

வணக்கம் அண்ணா,

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஊர் கிளிநொச்சி மாவட்டத்துத் தருமபுரம். கதிரியக்க வைத்திய நிபுணராக வரவேண்டும் என்பது என் விருப்பம். ஆனால், "எக்ஸ்ரே, சீ.ரீ. ஸ்கான் எல்லாத்தையும் இனிக் கணினியே வாசிக்கும், அந்தப் பக்கம் போகாதே" என்று சீனியர் அண்ணாமார் சொல்கிறார்கள். அப்பா சத்திரசிகிச்சைப் பக்கம் போகச் சொல்கிறார். செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதுகிறவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

போங்கள். துணிந்து போங்கள்.

சீனியர்மார் சொல்வது பழைய கதை. செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவரான ஜெப்ரி ஹின்டன் 2016இலேயே அதைச் சொல்லிவிட்டார். கதிரியக்க நிபுணர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்துங்கள், ஐந்து வருடத்தில், பிந்தினால் பத்து வருடத்தில், இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். 2024இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர், சாதாரண ஆள் இல்லை. ஆனால் அமெரிக்காவின் பெரிய வைத்தியசாலைகளில் ஒன்றான மேயோ கிளினிக்கில் அதன் பிறகு கதிரியக்க நிபுணர்களின் தொகை பாதிக்கு மேல் கூடி 400ஐத் தாண்டிவிட்டது. தான் அன்று மிகப் பொதுப்படையாகப் பேசிவிட்டதாக ஹின்டனே பிறகு சொன்னார்.

அதற்காக இயந்திரத்துக்கு வேலை தெரியாது என்று நினைக்க வேண்டாம். சுவீடனில் 80,000 பெண்களின் மார்பகப் படங்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. அங்கே ஒரு படத்தை இரண்டு நிபுணர்கள் வாசிப்பது வழக்கம். செயற்கை நுண்ணறிவைச் சேர்த்தபோது வாசிப்பு வேலை 44 வீதம் குறைந்தது, புற்றுநோயைக் கண்டுபிடிப்பது குறையவில்லை. காசநோய்க்கான நெஞ்சு எக்ஸ்ரேயைக் கணினி வாசிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2021இல் பரிந்துரைத்தது. ஆகவே, படத்தைப் பார்த்து நோய் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும் வேலை சுருங்கத்தான் போகிறது. நீங்கள் நிபுணராகி வர இன்னும் பத்து வருடத்துக்கு மேலாகும், அதற்குள் நன்றாகவே சுருங்கியிருக்கும்.

சரி, மிச்சம் என்ன? உங்களுடைய ஊரிலிருந்தே சொல்கிறேன்.

2009 வரை நடந்த யுத்தத்தில் காயப்பட்டு, உடம்புக்குள் செல் பீஸோடு, அதாவது வெடித்த குண்டின் உலோகத் துண்டுகளோடு, வாழ்கிறவர்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு எங்கும் இருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் அது வெள்ளைப் பொட்டாகத் தெரியும். சீ.ரீ.யில் உலோகத்தைச் சுற்றிக் கீற்றுக் கீற்றாக விழுந்து பக்கத்தில் உள்ளதை மறைக்கும். எம்.ஆர்.ஐ. இயந்திரம் பலமான காந்தம் என்பதால் ஆபத்தே வரலாம்: காந்தம் இழுக்கக்கூடிய துண்டு கண்ணுக்குள்ளோ முள்ளந்தண்டுக்கு அருகிலோ இருந்தால் அது அசைந்து சேதம் செய்யும். "உடம்பில் உலோகம் ஏதும் இருக்கா?" என்று படிவத்தில் கேட்டால் இல்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு. சின்ன வயதில் பட்டதால் சிலருக்குத் தெரியாது. சிலர் சொல்லப் பயப்படுவார்கள், ஏன் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. "அந்த நேரம் எங்க இருந்தனீங்கள் அம்மா?" என்று ஆறுதலாகக் கேட்கத் தெரிந்த ஒருவர் அங்கே வேண்டும். கேட்டால் போதாது, பதிலைக் கேட்டதும் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம் என்று முடிவெடுக்கவும் வேண்டும்.

இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் வேறு நாட்டு உடம்புகளைப் பார்த்துப் பழகியவை. நியூமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய ஒன்றை 2018இல் அமெரிக்காவில் சோதித்தார்கள். எந்த வைத்தியசாலையில் எடுத்த படம் என்பதை அது அடையாளம் கண்டு, அதையும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லியிருந்தது. பழகாத வைத்தியசாலைப் படங்களைக் கொடுத்தபோது அதன் திறமை குறைந்துபோனது. வன்னிக்கு அப்படி ஒன்று வரும்போது, இங்குள்ள படங்களில் அதைச் சோதித்து, எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று சொல்லப்போவது யார்? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என்னுடைய பயம் வேறு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். தூரத்து வைத்தியசாலைகளுக்கு நிபுணர் கிடைப்பது எப்போதுமே கஷ்டம். "அங்கேதான் கணினி இருக்கே, ஆள் எதற்கு?" என்று ஒருநாள் யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயப்படுகிறேன். கொழும்பில் நிபுணரும் கணினியும், எங்களுக்குக் கணினி மட்டும் என்றால் அது அநியாயம். அதை எதிர்த்துப் பேச, இந்தத் துறை தெரிந்த எங்கள் பிள்ளைகள் வேண்டும்.

வேலையும் படம் வாசிப்பதோடு முடிவதில்லை. அல்ட்ராசவுண்டில் கருவியைப் பிடிப்பது நிபுணரின் கை. ஸ்கானைப் பார்த்துக்கொண்டே ஊசி போட்டுச் சதைத்துண்டு எடுப்பது, சீழை வடிப்பது எல்லாம் இந்தத் துறையின் வேலைதான். சத்திரசிகிச்சை நிபுணர் கத்தியை எடுக்க முன் ஆலோசனை கேட்பதும் இவர்களிடம்தான். இதை அப்பாவுக்குச் சொல்லுங்கள், கையால் செய்யும் வைத்தியம் இங்கேயும் நிறைய இருக்கிறது.

இப்போதைக்குப் புள்ளிவிபரவியலைக் கவனமாகப் படியுங்கள். ஒரு கருவி 95 வீதம் சரி என்று விற்க வருகிறவரிடம், யாருடைய படங்களில், எத்தனை பேரில் என்று கேட்க அது வேண்டும். வோர்ட் வேலை இருக்கும் காலத்தில் ஸ்கான் அறையிலும் போய் நில்லுங்கள். அப்பாவுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அண்ணா