தங்கையின் கைப்பையில் துப்பாக்கி வேண்டாம்

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறோம். என் தங்கை மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர், வயது 29. பாதுகாப்புக்காகக் கைத்துப்பாக்கி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ள நினைக்கிறாள். இதுவரை சுட்டதே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: விசாவிலிருந்து. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. பயிற்சிக்கூடத்தின் வாடகைத் துப்பாக்கிக்கும் இதே கதைதான். கிரீன் கார்டு இருந்தால் மேலே படியுங்கள்.

2021 செப்டம்பர் முதல் டெக்சஸில் 21 வயது நிரம்பிய, சட்டத் தடை இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் உரிம வகுப்புக்கு அனுப்புங்கள். எங்கே கொண்டுபோகக் கூடாது, எந்த நிலையில் சுடலாம் என்பதை அங்கே முறையாகக் கற்றுத் தருவார்கள். தேர்வு கடினமில்லை: 3, 7, 15 கஜத் தூரத்தில் 50 தோட்டாக்கள், 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் ஆடைக்கடியிலிருந்து துப்பாக்கியை எடுக்கச் சொல்லி அதில் யாரும் சோதிப்பதில்லை.

முதல் நாள் .22 துப்பாக்கி (சிறிய தோட்டா, சத்தமும் உதைப்பும் குறைவு) போதும். காதில் அடைப்பான், அதன்மேல் காதுக்கவசம். வெடிச்சத்தத்துக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் அதைக் கழற்ற மாதக்கணக்காகும்.

கைப்பை எனக்குப் பிடிக்காத யோசனை. பையைப் பறிப்பவன் துப்பாக்கியையும் சேர்த்தே கொண்டுபோவான். வீட்டில் குழந்தை பையைத் துழாவும். சாவியோ பேனாவோ விசையில் மாட்டலாம். விசையை முழுதாக மூடும் கெட்டியான உறையை இடுப்பில் அணியட்டும். அதைத் தாங்கும் தடித்த பெல்ட்டும் வேண்டும். துணியுறைகளை ஒதுக்குங்கள். துப்பாக்கிக்குள் தோட்டா இல்லையென்று இரண்டு முறை பார்த்துவிட்டு, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, சில வாரங்கள் வீட்டில் தினம் பத்து நிமிடம் எடுத்துப் பழகட்டும். எடுப்பதில் வேகம் தானாக வரும். உறைக்குள் திரும்பச் செருகும்போதுதான் ஆபத்து: சட்டை நுனி விசையில் சிக்கும். அங்கே அவசரமே கூடாது. குனிந்து பார்த்துச் செருகட்டும்.

அவர் பணிக்கு இது இன்னும் முக்கியம். மருத்துவமனைக்குள் துப்பாக்கி போகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒவ்வொரு இரவும் இருண்ட வாகன நிறுத்தத்தில், குறுகிய இருக்கையில் அதைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். உறையிலிருந்து உருவாமல், உறையோடு சேர்த்தே கழற்றி, காரில் இரும்புக் கம்பிவடத்தால் கட்டிய பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள்.