பழைய பாக்கெட் வாட்ச்: யாரிடம் கொடுப்பது?

கேள்வி: வீட்டில் இருக்கும் பழைய பாக்கெட் வாட்ச், சாவி கொடுத்தால் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடுகிறது. கேட்ட கடைகளில் பேட்டரி வாட்ச் மட்டும்தான் பார்ப்போம் என்கிறார்கள். சாவி அதிகமாகக் கொடுத்ததால் கெட்டுவிட்டதா? எங்கே கொடுப்பது?
– வாசகி, தக்கலை

பதில்: சாவி அதிகமானதால் வாட்ச் நிற்பதில்லை. சாவி கொடுக்கும்போது முறுகும் மெயின் ஸ்பிரிங் முழுதாக முறுகியும் ஓடவில்லை என்றால், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் வரை விசை போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் காய்ந்த ஆயில்தான் காரணம். தினமும் சாவி கொடுத்துப் பார்க்காதீர்கள். தூசி கலந்த பழைய ஆயில், உப்புத்தாள் போல அச்சு முனைகளைத் தேய்த்துவிடும்.

பின்மூடியைத் திறந்து, உள்ளே இயந்திரத் தகட்டில் உள்ள கம்பெனிப் பெயரையும் எண்ணையும் போனில் படமெடுங்கள். மூடியில் உள்ள எண் வேறு. உதிரிபாகம் தேட அது உதவாது. உள்ளே விரல் படக்கூடாது, வியர்வை பட்ட உருக்கு துருப்பிடிக்கும். பேலன்ஸ் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தள்ளாடினால் அதன் அச்சு முனை ஒடிந்திருக்கிறது. கீழே விழுந்த வாட்ச்களில் இதுதான் வழக்கம். அந்த முனை கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர்தான். பழைய அச்சு கிடைக்காவிட்டால் சிறு லேத்தில் புதிதாகக் கடைய வேண்டும்.

நாகர்கோவிலில் மணிமேடை, வடசேரிப் பக்கம் உள்ள பழைய வாட்ச் கடைகளில் விசாரிக்கத் தொடங்குங்கள். பெயர்ப்பலகையை விட, கேட்கும் கேள்விக்கு வரும் பதில் முக்கியம். முழுதாகப் பிரித்துக் கழுவுவீர்களா? பேலன்ஸுக்கு மெல்லிய ஆயில், மெயின் ஸ்பிரிங்குக்கு கிரீஸ் என்று தனித்தனியாகப் போடுவீர்களா? பேலன்ஸ் அச்சு கடைந்திருக்கிறீர்களா? "பிரிக்க வேண்டாம், அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்தால் ஓடும்" என்றால் வாட்சை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். முக்கினால் அழுக்கு, அச்சு முனைகள் சுழலும் கல் துளைகளுக்குள் போய் அடையும். ஸ்பிரிட்டில் ஊறவைத்தாலோ, சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் பேலட் கற்களைப் பிடித்திருக்கும் அரக்கே கரைந்துவிடும். உள்ளூரில் ஆள் அமையாவிட்டால் திருவனந்தபுரம் போய் வருவது ஒரு நாள் வேலை. கூரியரில் அனுப்புவதை விட அதுவே நல்லது.

திரும்ப வாங்கும்போது முழுச் சாவி கொடுத்து, ஒரு நாள் முழுக்க ஓடுகிறதா, படுக்கவைத்தும் தொங்கவிட்டும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். நாளைக்கு ஓரிரு நிமிடம் முன்பின் ஆவது இந்த வயது வாட்சுக்குக் குறையே அல்ல. திடீரென்று பல நிமிடம் வேகமாக ஓடினால் பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங், காந்தம் ஏறி ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, போதாக்குறைக்குக் கடற்காற்று. ஆகவே இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

கேள்வி: சாவி நன்றாக ஏறுகிறது, ஓடுகிறது. ஆனால் குமிழை இழுத்தால் முள் திரும்பவில்லையே?
– வாசகர், குழித்துறை

பதில்: இழுக்காதீர்கள், உடையும். பழைய அமெரிக்க ரயில்வே வாட்ச்களில் முன்கண்ணாடி வளையத்தைத் திருகிக் கழற்றினால் டயல் ஓரத்தில் சின்ன நெம்புகோல் தெரியும். அதை நகத்தால் வெளியே இழுத்து, குமிழைத் திருகி நேரம் வைத்து, திரும்ப உள்ளே தள்ள வேண்டும். சில சுவிஸ் வாட்ச்களில் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். நகத்தால் அதை அழுத்திக்கொண்டே திருகுங்கள்.