பால் பெர்க் தன் சோதனையைத் தானே ஏன் நிறுத்தினார்? கேள்வி பதில்

1980-ல் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றவர் ஸ்டான்ஃபோர்டின் பால் பெர்க் (1926–2023). அவரைப் பற்றிச் சில கேள்விகள்.

கேள்வி: 1972-ல் இரண்டு டிஎன்ஏக்களை எப்படி ஒட்டினார்கள்?

பெர்க் குழு ஒட்டியது எஸ்வி40 என்ற குரங்கு வைரஸின் டிஎன்ஏவையும் வேறொரு டிஎன்ஏவையும். எஸ்வி40 டிஎன்ஏ ஒரு வளையம். ஈகோஆர்1 நொதி அதை ஒரே இடத்தில் வெட்டும். வெட்டிய முனையில் 3' இழை (இழையின் இரு நுனிகளுக்கு 3', 5' என்று பெயர்) உள்ளடங்கி இருப்பதால் அதில் வால் சரியாக வளராது. எனவே லாம்ப்டா எக்ஸோநியூக்ளியேஸ் என்ற நொதியால் 5' இழையைக் கொஞ்சம் கொறித்துவிட்டு, டெர்மினல் டிரான்ஸ்ஃபரேஸ் என்ற இன்னொரு நொதியால் ஒரு டிஎன்ஏவுக்கு ஏ (அடினின்) வாலும் மற்றதற்கு டி (தைமின்) வாலும் வளர்த்தார்கள். ஏ டியோடு மட்டுமே சேரும். ஒரே டிஎன்ஏ தன் வாலைத் தானே கவ்விக்கொள்ளும் தொல்லை இல்லை. மிச்ச இடைவெளியைப் பாலிமரேஸ் நொதி நிரப்ப, லைகேஸ் நொதி ஒட்டியது. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட வேலைதான். ஈகோஆர்1 வெட்டும் முனையே ஒட்டக்கூடியது என்று அதே ஆண்டு ஜேனட் மெர்ட்ஸும் ரொனால்டு டேவிஸும் காட்டிவிட்டார்கள்.

கேள்வி: பிறகு ஏன் நிறுத்தினார்?

அடுத்த படி, ஒட்டிய டிஎன்ஏவை ஈ. கோலை என்ற பாக்டீரியாவுக்குள் செலுத்துவது. எஸ்வி40 ஹாம்ஸ்டர்களில் கட்டி உண்டாக்கும், ஈ. கோலையோ நம் குடலில் குடியிருப்பது. 1971-லேயே திட்டத்தைக் கேள்விப்பட்ட சக விஞ்ஞானி ராபர்ட் பொல்லாக் தொலைபேசியில் எச்சரித்தார். ஆபத்தில்லை என்று காட்டத் தரவு எதுவும் இல்லாததால் பெர்க் அந்தப் படியை விட்டுவிட்டார்.

கேள்வி: அசிலோமர் மாநாடுதானே தடை போட்டது?

நேர்மாறு. இப்படி டிஎன்ஏ ஒட்டும் சில சோதனைகளை நிறுத்தக் கோரியது 1974 ஜூலையில் பெர்க் உட்பட 11 பேர் எழுதிய கடிதம். 1975 பிப்ரவரியில் சுமார் 140 பேர் கலிஃபோர்னியாவில் கூடிய அசிலோமர் மாநாடு, நிபந்தனைகளோடு கதவைத் திறந்தது. ஆய்வகத்தின் அடைப்பு ஒரு வேலி, நலிந்த பாக்டீரியா இன்னொரு வேலி. நுண்ணுயிரியலாளர் ராய் கர்டிஸ் உருவாக்கிய கை 1776 என்ற ஈ. கோலை ரகம் டைஅமினோபிமெலிக் அமிலமும் தைமிடினும் ஊட்டாமல் வளராது. பித்த உப்புப் பட்டால் சாகும். ஆய்வகத்திலும் அதை வளர்ப்பது பெரும்பாடு என்பது தனிக்கதை.

கேள்வி: விஞ்ஞானிகளே தங்களுக்கு விதி எழுதிக்கொள்வது சரியா?

நியாயமான குறைதான். மனித மரபணுவை மாற்றும் அறமும் உயிரி ஆயுதமும் அசிலோமரில் ஒதுக்கிவைக்கப்பட்டன. 1976 ஜூனில் வந்த என்ஐஎச் (அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள்) விதிகளும் அதன் பணம் பெறுவோரை மட்டுமே கட்டுப்படுத்தின. தனியார் நிறுவனங்கள் வெளியே நின்றன. 2015-ல் கருவழி, அதாவது வாரிசுகளுக்கும் போகும், மரபணுத் திருத்தம் பற்றி எச்சரித்தவர்களிலும் பெர்க் இருந்தார். இம்முறை சட்ட அறிஞரும் கையெழுத்திட்டார்.

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்டில் பிளாஸ்மிடில் (பாக்டீரியாவின் சிறு வளைய டிஎன்ஏ) ஜீன் வைக்கிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பொருந்தும். இந்தியாவின் 1989 விதிகளின்படி, உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் முதலில் பேசுங்கள். எந்த ஜீன், எந்த உயிரியிலிருந்து, எந்த வெக்டார் (ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏ), எந்த ஹோஸ்ட் (அதை ஏற்கும் உயிரி), கழிவை எப்படி அழிப்பீர்கள் என்று எழுத வேண்டும். பலர் சறுக்குவது கடைசியில்தான். ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி கொல்லும் கருவி) 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 30 நிமிடம் என்று எழுதிவிட்டு, பையைத் திணித்து வாயை இறுகக் கட்டிவிடுவார்கள். நீராவி நடுவில் போகாது. பைமேல் ஒட்டிய இண்டிகேட்டர் டேப் கறுத்தால் வெளியே சூடு பட்டது என்று மட்டுமே அர்த்தம். ஸ்போர் இண்டிகேட்டரை (வெப்பம் தாங்கும் பாக்டீரியா வித்துகள் கொண்ட சோதனைக் குப்பி) பையின் நடுவில் வைத்துச் சோதியுங்கள்.