பதில்: ஆல்ஃபா துகள் திரும்பி வந்ததற்கு எலெக்ட்ரான்கள் காரணமாக இருக்கக்கூடாதா?

நல்ல இடத்தில்தான் சிக்கியிருக்கிறீர்கள். இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டின் சோதனையில், மெல்லிய தங்கத் தகட்டின் மீது ஆல்ஃபா துகள்களை (நேர்மின்சுமை கொண்டவை) செலுத்தினார்கள். "தகட்டைப் பெரும்பாலான துகள்கள் நேராகக் கடந்தன, அப்படியென்றால் அணுவுக்குள் வெற்றிடம், சரி. ஆனால் கரு என்று ஒன்று எங்கிருந்து வந்தது? எலெக்ட்ரான்களில் மோதியே திரும்பியிருக்கலாமே?" இதுதானே கேள்வி?

எடையைப் பாருங்கள். ஆல்ஃபா துகள் எலெக்ட்ரானைவிட ஏறக்குறைய 7300 மடங்கு கனம். ஓடும் லாரியைக் கொசு திருப்பி அனுப்புமா? சரி, பல மோதல்கள் சேர்ந்தால்? ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் தள்ளும், பெரும்பாலும் ஒன்றின் விளைவை இன்னொன்று ஈடுகட்டிவிடும். அப்படிச் சேர்ந்து 90 டிகிரிக்கு மேல் திரும்புவது நடைமுறையில் நடக்காத காரியம்.

ஆனால் 1909-இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து, துகள் படும்போது துத்தநாக சல்பைடு திரையில் மினுங்கும் புள்ளிகளை நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாக எண்ணினார்கள். (கண் என்ன பாடுபட்டிருக்கும்!) சில துகள்கள் வந்த பக்கமே திரும்பியிருந்தன.

இயற்பியலாளர் தாம்சன் முன்பு சொன்னதுபோல நேர்மின்சுமை அணு முழுக்கப் பரவியிருந்தால் அதன் விசை எங்கேயும் அவ்வளவு வலுவாக இராது. அதே மின்சுமையை மிகச் சிறிய இடத்தில் அடைத்தால், அருகே வரும் துகளை ஒரே உதையில் திருப்பிவிடும். அந்தச் சிறிய இடம்தான் கரு. 1911-இல் ரூதர்ஃபோர்டு போட்ட கணக்கு இதுதான். எந்தக் கோணத்தில் எத்தனை துகள்கள் சிதற வேண்டும் என்றும் அதிலிருந்து கிடைத்தது. 1913-இல் எண்ணிப் பார்த்தபோது பொருந்தியது.

தேர்வில் எழுதும்போது "பெரும்பாலானவை கடந்தன" என்பதோடு நிறுத்தாதீர்கள், திரும்பி வந்த அந்தச் சிலவற்றையும் எழுதுங்கள்.